பட்டுப்புழுவுக்கு ஹார்மோன் கொடுத்தால் கூடு கனக்குமா?

கேள்வி: மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். ஐந்தாம் பருவத்தில் ஹார்மோன் தெளித்தால் கூடு நன்றாகக் கனக்கும் என்று ஒருவர் பாட்டிலோடு வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, ஹார்மோன் பட்டால் புழு சீக்கிரம் பழுத்து, கூடு கட்டத் தயாராகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? புழுவின் குடல் கெட்டுப்போகுமா?
- வாசகர், தளி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர்கள் பேசுவது வெவ்வேறு ஹார்மோன்களைப் பற்றி.

மூளையை ஒட்டிய குட்டிச் சுரப்பியில் ஊறுவது இளமை ஹார்மோன். அது இருக்கும்வரை புழு புழுவாகவே இருக்கும். மார்புச் சுரப்பியிலிருந்து வருவது எக்டைசோன். தோலுரிக்க வைப்பது அதுதான். இளமை ஹார்மோன் வற்றிய பிறகு எக்டைசோன் ஏறினால், புழு இலையை விட்டுவிட்டுக் கூடு கட்டப் போய்விடும். இந்த எக்டைசோனை உலகம் முதலில் பார்த்ததே பட்டுப்புழுவின் புண்ணியத்தில். 1954-இல் ஜெர்மனியில் புட்டனான்ட், கார்ல்சன் என்ற இருவர் சுமார் 500 கிலோ கூட்டுப்புழுவிலிருந்து வடித்தெடுத்தது வெறும் 25 மில்லிகிராம் படிகம். எவ்வளவு சொற்பம் போதும் என்பதற்காகச் சொல்கிறேன். கையளவில் கலக்கும் சங்கதி அல்ல இது.

இனி குடல். முட்டையிலிருந்து வந்த புழு, பழுக்கும்போது சுமார் 10,000 மடங்கு எடை கூடியிருக்கும். அதற்கு ஈடுகொடுத்துக் குடலும் வளர வேண்டுமே! நடுக்குடல் சுவரில் சத்தை உறிஞ்சும் நீளச் செல்களும், பொட்டாசியத்தை வெளியேற்றும் கிண்ண வடிவச் செல்களும் நெருக்கமாக நிற்கும். அவற்றின் அடியில் உருண்டையாக, சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பவை ஸ்டெம் செல்கள். ஒவ்வொரு தோலுரிப்பின்போதும் இவை பெருகி, பழைய செல்களுக்கு இடையில் நுழைந்து முதிர்கின்றன. குடல் பெரிதாவது இப்படித்தான்.

இவற்றைப் பெருகச் சொல்வது யார்? 1990களில் அமெரிக்காவில் மார்சியா லோப், ரசியேல் ஹக்கீம் ஆகியோர் புகையிலைப் பயிரைத் தின்னும் புழுக்களின் குடலிலிருந்து ஸ்டெம் செல்களைத் தனியே எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். எக்டைசோன் வகை ஹார்மோனோடு புழுவின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த சாற்றையும் சேர்த்தபோது செல்கள் பெருகின. முதிர்ந்த குடல் செல்கள் வளர்ந்த திரவத்தை ஊற்றியபோது, அதே ஸ்டெம் செல்கள் நீளச் செல்லாகவும் கிண்ணச் செல்லாகவும் உருமாறின. கொழுப்புத் திசுச் சாற்றில் அப்படி என்ன இருந்தது? ஆல்ஃபா அரைல்ஃபோரின் என்ற புரதம் என்று பின்னர் தெரியவந்தது. புழு தின்று தின்று உடலில் சேமித்துவைக்கிற புரதம் அது! எனக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்த இடமே இதுதான். ஹார்மோன் ஒன்றே எல்லாம் செய்துவிடுவதில்லை. தின்ற இலையும் கூடவே பேசுகிறது.

ஆகவே உங்கள் பாட்டிலில் எக்டைசோன் வகை இருந்தால், அதற்குரிய காலம் ஐந்தாம் பருவத்தின் கடைசி. தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புழு பழுக்கத் தொடங்கும் வேளையில் கொடுத்தால், மற்றவையும் ஏறக்குறைய ஒன்றாகப் பழுக்கும். கூடு கட்டுவதற்கான சந்திரிகையில் புழுவை விடுகிற வேலை குறையும். முன்கூட்டியே கொடுத்தால் புழு தீனியை நிறுத்திவிடும். குடலைக் காலிசெய்து ஈரக்கழிச்சல் போடும், உடல் கண்ணாடிபோல ஆகும். பட்டுச் சுரப்பி நிறையாததால் கூடு சிறுத்துப்போகும். புழு கூட்டுக்குள் போனபின் பழைய குடற்சுவர் முழுவதும் உதிர்ந்து புதிதாக ஒன்று உருவாவது இயற்கை. அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

இளமை ஹார்மோன் வகையானால், ஐந்தாம் பருவத் தொடக்கத்தில் மிகச் சிறு அளவு கொடுக்கும்போது புழு கூடுதலாகத் தின்னும், கூடும் கனக்கலாம். அந்தக் கூடுதல் தீனிக்கு உங்களிடம் இலை இருக்கிறதா? அளவு மிஞ்சினாலோ, தின்றுகொண்டே கிடக்கும், கூடே கட்டாது. இத்தாலியில் பழத்தோட்டங்களில் தெளித்த ஃபெனாக்சிகார்ப் என்ற இதே வகைப் பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரியில் படிந்து, பட்டுப்புழுக்கள் கூடு கட்டாமல் போன கதை உண்டு.

பாட்டிலில் எந்த வகை என்று எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள். எழுதியிருந்தாலும், உங்கள் பகுதிப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, முதலில் ஒரே ஒரு தட்டுப் புழுவுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.