பல்லும் நாவும் சொல்லும்

மாணவர்களே, 'ப' என்று சொல்லிப் பாருங்கள். இதழ்கள் இரண்டும் கூடிப் பிரியும். 'த' என்னுங்கள், நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். 'வ' என்பதற்கு மேற்பல் கீழிதழைத் தேடும். 'ழ' என்பதற்கு நா வளைந்து அண்ணத்தை நெருங்க வேண்டும். எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் ஒலி மாறும்.

உண்ட உணவையும் உடலில் தோன்றும் பொருள்களையும் சிதைத்துப் புதியனவாக்கும் செயலை வளர்சிதை மாற்றம் என்பர். அதற்கு நொதிகள் வேண்டும். மிகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஏதேனும் ஒரு நொதி இராது. சிதைய வேண்டிய பொருள் உயிரணுக்களில் தேங்கிவிடும். மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ் என்னும் நோய்த்தொகுதி இவ்வகையது. கனடாவில் பணியாற்றிய சார்லஸ் ஹன்டர் 1917இல் உடன்பிறந்தார் இருவரிடம் இதன் ஒரு வகையைக் கண்டு எழுதினார். 1919இல் ஜெர்மானிய மருத்துவர் கெர்ட்ருட் ஹர்லர் மற்றொரு வகையை விளக்கினார்.

இந்நோயுற்ற குழந்தைகள் பலருக்கு நா பருக்கும், ஈறு தடிக்கும், பற்கள் காலந்தாழ்ந்து முளைத்து இடைவெளி விட்டு நிற்கும். நடுச்செவியில் நீர் தங்குவதால் செவிப்புலனும் மங்கும். கேளாத ஒலியை வாய் எவ்வாறு கற்கும்? சில வகைகளில் அறிவு வளர்ச்சியும் தடைப்படும். ஆனால் மார்க்கியோ என்னும் வகையில் அறிவுத்திறன் பொதுவாகக் குறைவதில்லை. பற்சிப்பி மெலிந்திருக்கும். பேச்சுக் குழறுவதைக் கொண்டு ஒரு குழந்தையின் அறிவை அளப்பது பிழை. ழகரம் வராத பெரியவர்கள் நம் உறவினருள்ளேயே எத்தனை பேர்!

சொத்தைப் பல்லைப் பிடுங்குவது நமக்குச் சிறு செயல். இக்குழந்தைகளுக்கோ மூச்சுப்பாதை குறுகலாதலால் மயக்க மருந்து தருவதே இடர் மிக்கது. ஆகவே நாள்தோறும் இருமுறை பல் துலக்குவது இவர்களுக்கு வெறும் தூய்மைப் பழக்கம் அன்று, உயிர்க்காப்பு.

கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் முதல் வகையில், குருதியில் சர்க்கரை குறையாதிருக்க, வேகவைக்காத மக்காச்சோள மாவை நீரில் கரைத்து நள்ளிரவிலும் ஊட்டுவர். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் மாவு பல்லில் தங்கும். உயிரைக் காக்கும் உணவே பல்லைக் கெடுக்கக்கூடும்; ஊட்டிய தாய் வாயையும் துடைத்துவிட வேண்டும். காலக்டோசீமியா என்னும் நோயிலோ, பிறந்தது முதல் பாலை விலக்கினாலும் சிலருக்குச் சொற்களை ஒழுங்குபடுத்தி ஒலிப்பது அரிதாகவே இருக்கும். அவர்களுக்கு வேண்டுவது பேச்சுப் பயிற்சி. விரைவில் தொடங்குவது நன்று.

இந்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டு, மருத்துவமனைகள் சிலவற்றைச் சிறப்பு மையங்களாக அறிவித்தது. பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் அவற்றுள் ஒன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் நம் சாந்திபுரத்தார்க்கு எட்டக்கூடிய தொலைவில் உள்ளது அதுவே. வாய்விட்டு வாசிக்கும் தேர்வில் இத்தகைய குழந்தைக்கு மதிப்பெண் குறைப்பது எனக்கு உடன்பாடன்று. எழுதிக் காட்டவோ படம் சுட்டிக் காட்டவோ இடந்தரலாம்.

பயிற்சி

1. எட்டுப் பிறப்பிடங்களுள் வாயினுள் அமைந்தவை எவை?
2. நா பருத்தவர்க்கு எவ்வெழுத்துகளை ஒலிப்பது கடினமாகும்? ஒலித்துப் பார்த்து எழுதுக.
3. பிரித்து எழுதுக: மேற்பல், கீழிதழ், செவிப்புலன்.