கப்பல் கட்டணத்தின் கடைசிப் பக்கம்

வெளிநாட்டு குரூஸ் பயணத்தை ஏஜென்ட் வழியாகப் போகாமல், கப்பல் நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். இதுதான் என் கட்சி. யார் என்ன சொன்னாலும் இதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். சிங்கப்பூருக்கு நம் ஊரிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரப் பயணம். கப்பல் புறப்படும் மெரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் முனையங்கள் இரண்டும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. உறவில் ஒருவராவது சிங்கப்பூரில் இல்லாத குடும்பம் நம் பக்கம் அபூர்வம். இவ்வளவு வசதி இருந்தும் ‘எல்லாம் சேர்த்து’ என்று ஒரே தொகையை எழுதி நீட்டும் பேக்கேஜுக்கு ஏன் தலையாட்ட வேண்டும்?

ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறைக்கு, டிக்கெட் என்றால் அக்கரை சேர்வதற்கான விலை. இன்றைய குரூஸ் ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்குகிறது. நடுவில் நீங்கள் தங்கும் நாட்களில்தான் அதன் வியாபாரம் நடக்கிறது. சந்தேகமிருந்தால் கணக்கைப் பாருங்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 1,390 கோடி டாலர். அதில் 30 சதவீதத்துக்கும் மேல் டிக்கெட்டில் வந்ததல்ல; மது, இன்டர்நெட், கரையோரச் சுற்றுலா, கேசினோ போன்ற மற்ற இனங்களில் வந்தது. டிக்கெட்டுக்கு மேலும் செலவு வரும் என்பது இந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த மேல் செலவைப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்குக் காட்டுவது யார் என்பதுதான் கேள்வி.

நம்மவர்களுக்கு அதிக நஷ்டம் தரும் தவறு, முதல் பக்க விலையை வைத்து முடிவெடுப்பது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது, ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் கட்டணத்தையே கட்ட நேரும். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் சேரும். பிறகு ‘கிராஜுவிட்டி’ என்ற பெயரில் டிப்ஸ். விருப்பப்பட்டால் கொடுக்கும் டிப்ஸ் என்று இதை நினைத்துவிடாதீர்கள். தலைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று கேபின் கணக்கில் தானாகவே ஏறும், குழந்தைகளுக்கும் உண்டு. தலைக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்று வைத்தால், நாலு பேர் நாலு இரவு போக 288 டாலர், ரூ.25,000 அளவில் ஆகிவிடும். நிறுவனத்தின் தளத்தில் கேபினைத் தேர்ந்தெடுத்து, கார்டு எண் கேட்கும் கடைசிப் பக்கம் வரை ஒரு பைசா கட்டாமல் போகலாம். கட்டணம், வரி, டிப்ஸ் எல்லாம் அங்கே வரி வரியாக வந்து நிற்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பேக்கேஜ் தாளின் அடியில் சின்ன எழுத்தில் ‘கப்பலில் நேரடியாகச் செலுத்த வேண்டியவை’ என்று என்னென்ன இருக்கிறது என்று படியுங்கள். மலிவு என்று சொல்லப்பட்டது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏஜென்ட் மொத்தமாக கேபின் பிடிப்பதால் அவரிடம் விலை குறையும் என்பார்கள். சில சமயம் குறையும், மறுக்கவில்லை. பேக்கேஜில் பிடிக்கப்படும் டிசிஎஸ் என்ற வரி உங்கள் பான் கணக்கில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆகவே அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம். அதேபோல நீங்களே கட்டும்போது கார்டுக்காரர்கள் அந்நியச் செலாவணிக்காக எடுக்கும் 2 முதல் 3.5 சதவீதத்தையும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஏஜென்ட் விலை குறைவாக இருந்தால், துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் சேர்ந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்குக் கப்பலில் மதிப்பில்லை.

ஏதாவது சிக்கல் வந்தால் யார் பொறுப்பு என்பதே எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. பெரிய சிக்கல் கப்பலைத் தவறவிடுவதுதான். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பே செக்-இன் மூடிவிடும். தாமதமாக வந்தவருக்குப் பணம் திரும்பாது. விமானத் தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பேக்கேஜ் நிபந்தனைகளிலும் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்க, கப்பல் புறப்படும் அன்றே போய் இறங்கும்படி விமானம் போட்டுக் கொடுப்பதும் வழக்கம். நீங்களே பதிவு செய்தால் முந்தைய நாளே போய் இறங்கலாம். ஓர் இரவு ஓட்டல் வாடகை, முழுக் கட்டணத்துக்கும் காப்பு.

மீதி வேலைகள் எளியவை. சிங்கப்பூர் விசாவுக்கு மட்டும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டை நாடலாம். கப்பல் வெளியே போய்த் திரும்பும் என்பதால் பலமுறை நுழைவு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் நுழையும் முன் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு அரசுத் தளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத சாப்பாடு வேண்டுமென்றால் பதிவின்போதே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்து இதையெல்லாம் நீங்களே செய்யுங்கள். கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.