கதியும் வேகமும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்தன. பாடசாலைகள் திறந்த பின்பும் அவை அங்கிருந்து போகவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் பாடங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் எங்களிடம் அதிகம் வந்து சேர்வது வட்ஸ்அப் குழுக்களில் ஆசிரியர்கள் பகிரும் குறிப்புகளும் காணொளிகளும்தான்.

தமிழில் தேடும்போது தமிழ்நாட்டுப் பாடங்கள் நிறையக் கிடைக்கும். நல்ல பாடங்களே. ஆனால் கலைச்சொற்கள் வேறு. அவர்களுடைய ஒளிச்சேர்க்கை நமக்கு ஒளித்தொகுப்பு. செல் நமக்குக் கலம். இவற்றால் பெரிய தொல்லை இல்லை, புதிய சொல் என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே சொல் இரு பொருளில் வரும்போதுதான் ஆபத்து.

தமிழ்நாட்டில் 'வேகம்' என்பது தூரத்தை நேரத்தால் வகுத்து வருவது. நாம் அதைக் 'கதி' என்கிறோம். நமது 'வேகம்' இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்து வரும் காவிக் கணியம். அங்கே அது 'திசைவேகம்'. 400 மீற்றர் சுற்றுப்பாதையை 80 செக்கனில் ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்தவரின் சராசரிக் கதி செக்கனுக்கு 5 மீற்றர். சராசரி வேகமோ பூச்சியம்! அந்தக் காணொளியை மட்டும் பார்த்துப் படித்த மாணவி வேகம் 5 என்று எழுதுவாள். பிரித்தது சரிதான், புள்ளி கிடைக்காது.

எங்கள் பௌதிகவியல் ஆசிரியை எதையும் வந்தபடியே அனுப்புவதில்லை. சொற்களை நமது பாடநூலுக்கேற்ப மாற்றி, தரம், அலகு, முதலில் தயாரித்தவர் பெயர் ஆகியவற்றை மேலே எழுதித்தான் அனுப்புவார். இப்படித் திருத்துவதற்கு அனுமதியும் வேண்டும். 2002இல் யுனெஸ்கோ கூட்டமொன்றில் பெயர் பெற்ற 'திறந்த கல்வி வளங்கள்' அந்த அனுமதியோடே வருகின்றன. நம்மிடையே சுற்றும் தாள்கள் பலவற்றில் தயாரித்தவர் பெயரே இல்லை, யாரிடம் கேட்பது? பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினால் திருத்தவும் முடியாது. தட்டச்சுச் செய்த கோப்பாக அனுப்பினால் அடுத்த பாடசாலை ஆசிரியருக்கு அரைவாசி வேலை மிச்சம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். குறிப்பை அச்சிடக் கொடுக்குமுன் முதற் பக்கத்தைப் பாருங்கள். தரமும் பாடத்திட்ட ஆண்டும் இல்லாவிட்டால் ஆசிரியையிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். போட்டோகொப்பிக் காசாவது மிஞ்சும்.