அங்கன்வாடி ஆசிரியருக்கு நம் குழந்தைகளின் பரிசு

செப்டம்பர் 5 அன்று நம் மேசைகளில் ரோஜாப்பூவும் பேனாவும் சேர்ந்துவிடுகின்றன. பள்ளி வளாகத்திலேயே இருக்கும் அங்கன்வாடி மையத்தின் பக்கம் அன்று பெரும்பாலும் யாரும் போவதில்லை. முதல் வகுப்புக்கு வரும் குழந்தை வரிசையில் நிற்கிறது, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறது, அம்மாவை விட்டு நாள் முழுக்க இருக்கிறது. இவற்றைப் பழக்கியவர் அங்கே இருக்கிறார். பலனைப் பார்ப்பவர்கள் நாம். ஆகவே அந்த நன்றியைச் சொல்லக் குழந்தைகளுக்கு நாம்தான் வழிகாட்ட வேண்டும்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. எடை பார்ப்பது, இணை உணவு வழங்குவது, முன்பருவக் கல்வி, கர்ப்பிணிகளுக்கான பணிகள் என எல்லாம் அங்கன்வாடிப் பணியாளரின் பொறுப்பு. இவர்களுக்கும் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022-இல்தான். பரிசு எதுவும் ஊதியத்துக்கு ஈடாகாது. அது வேறு பேச்சு.

என்ன பரிசு தரலாம்? ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று வசூல் மட்டும் வேண்டாம். கொடுக்க முடியாத வீட்டுக் குழந்தை அன்று விடுப்பு எடுத்துவிடும். காசில்லாத பரிசுக்கு இரண்டு பாடவேளை போதும்.

"பால்வாடியில டீச்சர் உனக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். "நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றுதான் முதலில் வரும். அதோடு விடாதீர்கள். "நீ அழுதப்போ?" "சாப்பிட மாட்டேன்னப்போ?" என்று கேட்டால் வேறு பதில் வரும். என் வகுப்பில் ஒரு சிறுமி சொன்னாள்: "மழை பெஞ்சப்போ அம்மா வர்ற வரைக்கும் ஆயா என்னை மடியிலயே வெச்சிருந்தாங்க." அதை அப்படியே, எழுத்துத் தமிழாக மாற்றாமல், அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவள் மழையை வரைந்தாள். கீழே தன் பெயரை அவளே எழுதினாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிறுக்கிக்கொண்டிருந்த கை இப்போது பெயர் எழுதுவதைப் பார்ப்பதே அந்த ஆசிரியருக்குப் பெரிய பரிசு.

நான்காம், ஐந்தாம் வகுப்பினருக்கு இதையே கடிதப் பயிற்சியாக்கலாம். படிக்க ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் தாமாகவே அழித்துத் திருத்தி எழுதுவார்கள். (நாம் சிவப்பு மையில் எத்தனை முறை சுழித்தாலும் நடக்காத காரியம்!) அங்கன்வாடிக்கே போகாத குழந்தைகளும் இருப்பார்கள். தங்களைத் தூக்கி வளர்த்த பாட்டிக்கோ அக்காவுக்கோ அவர்கள் எழுதட்டும். தமிழ் இன்னும் பழகாத வெளிமாநிலக் குழந்தைக்குப் படம் போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உதவியாளருக்குத் தனி அட்டை வேண்டும். குழந்தைகளுக்கு அவர் 'ஆயா'. சமைத்ததும் ஊட்டியதும் கால் கழுவிவிட்டதும் பெரும்பாலும் அவர்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே அட்டை கொடுத்தால் அது பணியாளரின் மேசையிலேயே தங்கிவிடும்.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். மதியம் அங்கே சின்னக் குழந்தைகள் தூங்கும் நேரம். அட்டையை நீட்டிவிட்டு ஓடிவராமல், குழந்தை அதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். "இவன் இப்ப நல்லாப் படிக்கிறானா?" என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள். பதிலுக்கு அவனுடைய நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.