கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

டிரெய்லர் வாங்கப்போகிறேன், எந்த டிரக் எடுக்கலாம் என்று டென்வர் வட்டாரத்துத் தமிழ் நண்பர்கள் கேட்டால், என் முதல் பதில் ஒன்றுதான்: விளம்பரத்தில் போட்டிருக்கும் இழுவைக் கணக்கை ஓரமாக வையுங்கள், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். பேலோடு என்பது அதுதான். அந்த ஒரு வண்டிக்கென்றே எழுதிய எண் அது. பக்கத்தில் நிற்கும் அதே மாடலுக்கு, சன்ரூஃப் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வேறு எண் இருக்கும்.

அரோராவில் இருக்கும் ஒரு தம்பி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “அண்ணா, பதிமூவாயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான். நான் பாக்குற டிரெய்லர் எட்டாயிரம்தான். அப்புறம் என்ன யோசனை?” அவர் பார்த்து வைத்திருந்தது ‘ஹாஃப் டன்’ என்கிற 1500 ரக பெட்ரோல் பிக்கப்.

அந்தப் பதிமூவாயிரம் பொய்யில்லை. எஸ்.ஏ.ஈ. அமைப்பின் ஜே2807 என்ற தரவிதிப்படி சோதித்துச் சொல்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் நீளத்துக்கு ஓர் ஏற்றம் இருக்கிறது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் அதில் ஏற வேண்டும் என்பது சோதனைகளில் ஒன்று. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டுமே. நம் வீட்டில் அப்படியா கிளம்புகிறோம்?

இரண்டு பிள்ளைகளோடு நால்வர் என்றால் 500 பவுண்டு ஆயிற்று. பின்தட்டில் ஜெனரேட்டர், சைக்கிள்கள், ஐஸ் பெட்டி, விறகு என்று 350. தட்டுக்கு மேல் கூரை போட்டிருந்தால் இன்னொரு 200. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்பு மட்டுமே 100. டிரெய்லர் அப்புறம்தான் வருகிறது. அதன் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் ஹிட்ச் வழியாக டிரக்கின் முதுகில் உட்காரும்; முன்பாரம் என்பது இதுதான். மாட்டு வண்டியில் பாரத்தைப் பின்னால் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்னால் ஏற்றினால் மாட்டின் கழுத்து அழுந்தும் அல்லவா, இங்கேயும் அதே சங்கதி. பத்து சதவீதத்துக்குக் குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அதனால் முன்பாரத்தைக் குறைத்து இந்தக் கணக்கைச் சமாளிக்க வழியே இல்லை.

டிரெய்லர் எட்டாயிரம் என்று தம்பி சொன்னதும் நிறைய பேர் வீட்டில் நடக்கும் கதைதான். விற்பனைத் தாளில் ‘டிரை வெயிட்’ என்று போடுவது வெறும் கூட்டின் எடை. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பல சமயம் பேட்டரிகூட இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். அப்புறம் பாத்திரம், படுக்கை, கருவிப் பெட்டி, அரிசி மூட்டை. எங்கள் டிரெய்லரில் மேசைக் கிரைண்டரும் வரும்; அதைப் பற்றி வீட்டில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. இதையெல்லாம் சேர்த்தால் டிரை வெயிட்டுக்கு மேல் 1,200, 1,500 பவுண்டு ஏறுவது சாதாரணம். எனவே டிரெய்லரைப் பொறுத்தவரை அதன் ஸ்டிக்கரில் உள்ள உச்ச எடையை, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆரை வைத்தே கணக்குப் போடுங்கள்.

28 அடி டிரெய்லர், உச்ச எடை 8,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரை சதவீதம் என்றால் முன்பாரம் 1,100. மேலே சொன்ன சாமான்களோடு கூட்டினால் 2,250. ஹாஃப் டன் வண்டிகளின் ஸ்டிக்கரில் பெரும்பாலும் 1,500, 1,800 என்று இருக்கும். பதிமூவாயிரம் இழுக்கக்கூடிய வண்டி, இழுக்கும் முன்பே முதுகில் தாங்க முடியாமல் நிற்கும்.

இங்கே டீசல் விரும்பிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. சரி, 2500 ரக டீசல் எடுத்துவிடலாம் என்று போனால் அங்கும் ஸ்டிக்கரில் 2,100 அல்லது 2,200 என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். அமெரிக்க வகைப்பாட்டில் 10,000 பவுண்டு ஓர் எல்லைக்கோடு என்பதால், வெகுகாலம் பல 2500 வண்டிகளின் உச்ச எடையை அந்தக் கோட்டிலேயே நிறுத்தி வைத்தார்கள். எஞ்சினின் கனம் பேலோடிலிருந்துதான் கழியும். சொகுசு அலங்காரம் ஏற ஏற இன்னும் குறையும். அதனால் நான் எடுத்தது 3500 ரகம், பின்னால் ஒற்றைச் சக்கரம். 2500க்கும் இதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முக்கிய வேறுபாடு பின் ஸ்பிரிங்கில். டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது குலுக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. இரட்டைச் சக்கரம் வைத்த டூயலி, பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்குத்தான் தேவை. அந்த ரகத்தில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்கு, நேரே பின்தட்டின் மேல் இறங்கும்.

அப்படியென்றால் டீசல் எதற்கு? சமவெளியில், 7,000 பவுண்டுக்குள், வருடத்துக்கு ஓரிரு பயணம் என்றால் வேண்டாம் என்பேன். டீசல் எஞ்சினுக்கென்று சுமார் 10,000 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள், மைலேஜில் அதை மீட்க வெகுகாலம் ஆகும். நான் டீசலுக்குப் போனது ராக்கி மலைக்காக. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய மூன்று சதவீத சக்தியை இழக்கும். ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. அங்கே போவதற்குள் அந்த எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

ஆனால் ஏற்றத்தில் மிஞ்சிப்போனால் என்ன ஆகும்? வேகம் குறையும், பின்னால் வருபவர் முறைப்பார். வண்டியின் உண்மையான பரீட்சை இறக்கத்தில்தான். சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தோர்ன் ஊர் வரை சுமார் 8 மைலில் ஏறத்தாழ 2,000 அடி இறங்குகிறது சாலை. செங்குத்தான இடங்களில் ஏழு சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளைக்கல் மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு லாரி புதைந்து நிற்பதை ஒருமுறை பார்த்தால் போதும். டிரக், டிரெய்லர், குடும்பம் எல்லாம் சேர்ந்து 17,000 பவுண்டு. இதை வெறும் பிரேக் கட்டையை நம்பி இறக்கினால் கட்டை சூடேறிப் பிடிப்பு போய்விடும். டிரெய்லரின் மின்சார டிரம் பிரேக்குக்கு இந்த அவதி சீக்கிரமே வரும்.

இங்கேதான் எக்ஸாஸ்ட் பிரேக் கைகொடுக்கும். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வழி மூடிக்கொண்டு எஞ்சினே வண்டியைக் கொஞ்சம் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடிப்பு இயல்பாக இல்லை. அதனால் டர்போவின் இறகுகளை நெருக்கி, புகை வெளியேறும் வழியை இறுக்கி, எஞ்சினையே தடையாக்குகிறார்கள். இந்தப் பிரேக் இல்லாத டீசலை மலைப் பக்கத்துக்காக நான் வாங்கமாட்டேன். பழைய வண்டியென்றால் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துவேன்.

என் பழக்கம் இது. சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்து, இழுவைக்கான டோ ஹால் பொத்தானையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டு, வலது ஓரத் தடத்தில் லாரிகளுக்குப் பின்னால் சேர்ந்துகொள்வேன். கியர் குறைந்து எஞ்சின் இரையும். புதிதாக உட்கார்ந்திருப்பவர்கள் பயப்படுவார்கள், பயம் வேண்டாம். வேகம் மீறினால் கால் பிரேக்கை உறுதியாக ஒருமுறை அழுத்தி, பத்து மைல் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைப் பொசுக்கும். ஒரு விதிவிலக்கு: சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிடுங்கள். அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், வழுக்கும் சாலையில் வண்டியைத் திருப்பிப் போட்டுவிடும்.

டீசல் எஞ்சின்களில் கம்மின்ஸா, பவர் ஸ்ட்ரோக்கா, டியூராமேக்ஸா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. புது வண்டியில் மூன்றுமே தேவைக்கு மேல் இழுக்கும். பழைய வண்டியென்றால் மட்டும் ஆண்டு பார்க்க வேண்டும். ஃபோர்டின் 6.0 லிட்டர், 2003 முதல் 2007 வரை வந்தது, ஹெட் கேஸ்கட் தொல்லைக்குப் பெயர் போனது. சி.பி.4 என்ற உயர் அழுத்தப் பம்பு உடைந்தால் உலோகத் துகள் எரிபொருள் பாதை முழுவதும் பரவி, செலவு பத்தாயிரம் டாலரை எட்டும். டியூராமேக்ஸில் 2011 முதல் 2016 வரை அந்தப் பம்பு இருந்தது. ராம் கம்பெனியின் 2019, 2020 டீசல் வண்டிகளிலும் இருந்து, பின்பு அவற்றைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வேலை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்த வண்டியைப் ‘பவர் அதிகம்’ என்று சொல்லி விற்பார்கள். அது சட்டவிரோதம். புகைப் பரிசோதனை இருக்கும் ஊரில் பதிவு செய்யவே திண்டாட வேண்டும்.

அந்த வடிகட்டிக்கு, அதாவது டி.பி.எஃப்.புக்கு, சூடான நீண்ட ஓட்டம் வேண்டும். பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும் ஓட்டினால் கரி அடைத்துக்கொள்ளும். அன்றாட ஓட்டத்துக்கும் இதே வண்டிதான் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். டெஃப் என்கிற யூரியா கரைசலையும் கவனிக்க வேண்டும். மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறைந்தாலும் தொட்டியிலேயே சூடாக்கி உண்டு, கவலையில்லை. வெயிலில் கிடந்த பழைய கேனை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பொருத்த வேண்டியவற்றில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாதது டிரெய்லருக்கான பிரேக் கன்ட்ரோலர். கம்பெனியே பொருத்தித் தருவது இருந்தால் அதையே எடுங்கள். சமதளத்தில் 25 மைல் வேகத்தில் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடாது. அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் கைக்குத் தெரிய வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, அதை மட்டும் அழுத்துவதுதான் மருந்து. கால் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம். பின்னால் அழுந்திய பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் அதன் கம்பிகள் தள்ளிவிடும். பின்புறம் தாழ்கிறதே என்று பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் போடச் சொல்வார்கள். போட்டால் வண்டி நிமிரும், ஸ்டிக்கரில் உள்ள எண் நிமிராது. நீளும் பக்கக் கண்ணாடிகள் வேண்டும். டிரெய்லர் டயர், பூ தேயாமலேயே கெடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 3521 என்றால் 2021இன் 35ஆவது வாரம். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவையும் தாளில் கூட்டிப் பார்த்த பிறகு ஒருநாள் லாரி நிறுத்தத்தில் உள்ள ‘கேட்’ (CAT) எடைமேடைக்குப் போக வேண்டும். மூன்று பலகைகள் இருக்கும்: முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர். பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே, தொட்டி நிரம்பி, பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க ஏற்றுங்கள். முதலில் ஹிட்ச் கம்பிகளை இறுக்கி ஓர் எடை, தளர்த்தி ஓர் எடை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக் மட்டும் ஓர் எடை. ஒரே நாளில் திரும்ப ஏற்றினால் கட்டணம் குறைவு. டிரக் தனியாக 8,400, கம்பி தளர்த்திய நிலையில் இரண்டு அச்சும் சேர்ந்து 9,500 என்றால் உங்கள் முன்பாரம் 1,100. கம்பியை இறுக்கும்போது முன் அச்சு எவ்வளவு மீள வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். இழந்தது முழுவதும் மீள வேண்டியதில்லை என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. அரோரா தம்பியை நான் டிரெய்லரே இல்லாமல், குடும்பத்தோடு முதலில் இந்த மேடைக்கு அழைத்துப் போனேன். சீட்டைப் பார்த்துவிட்டு அவரே 3500 விலை விசாரிக்க ஆரம்பித்தார்.

டீசல் போடும் இடம் பற்றி ஒரு வார்த்தை. லாரித் தடத்தில் டிரெய்லரோடு திரும்புவது சுலபம், டெஃப்பும் பம்பிலேயே மலிவாகக் கிடைக்கும்; ஆனால் அங்குள்ள குழாய் தடிமனானது, சில பிக்கப்புகளின் வாய்க்குள் போகாது. குழாயின் நிறத்தை நம்பாதீர்கள், எல்லா நிறுவனத்திலும் பச்சை டீசலுக்கு அல்ல, எழுத்தைப் படியுங்கள். குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. லாஸ் க்ரூசெஸில் நிரப்பிய டீசல் அந்த ஊர்க் குளிருக்கானது. அதோடு அன்றிரவே கடுங்குளிர் அடிக்கும் அலமோசாவில் போய்த் தங்கினால் டீசலில் மெழுகு பிரிந்து எரிபொருள் வடிகட்டியை அடைத்துவிடும், காலையில் எஞ்சின் கிளம்பாது. தொட்டியைப் பாதிக்கும் கீழே இறக்கி வந்து, அலமோசாவுக்குக் கொஞ்சம் முன்பே உள்ளூர்க் குளிர்கால டீசலை நிரப்பி, பத்துப் பதினைந்து மைல் ஓட்டி அது வடிகட்டி வரை வந்து சேர்ந்த பிறகு வண்டியை அணையுங்கள்.