நண்பனான நூற்புழு: மண்ணில் தேடிக் கண்டறியும் முறை

நூற்புழு என்றதும் விவசாயிகளின் நினைவுக்கு வருவது, கத்தரி, தக்காளி முதலிய செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கும் பகைப்புழுவே. ஆயினும் நூற்புழுக்கள் யாவும் பகையல்ல. பயிரைத் தொடாது, பூச்சிகளின் புழுக்களை மட்டும் தேடிக் கொல்லும் இனங்களும் மண்ணில் உண்டு. வேரைத் தின்னும் வெண்புழு மண்ணுக்குள் மறைந்திருப்பதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது, இந்நூற்புழு எட்டும். ஆகவே, நண்பனையும் மருந்திட்டு அழித்துவிடாதிருக்க, அதனை இனங்காணும் முறையை அறிதல் அவசியம்.

இத்தகைய இனமொன்று நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. கோயம்புத்தூரில் கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து பெற்ற அதனை, பாய்னர், கருணாகர், டேவிட் ஆகிய அறிஞர்கள் 1992-ல் புதிய இனமென விவரித்து, ‘ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா’ எனப் பெயரிட்டனர்.

எவ்வாறு கொல்கிறது?

சுமார் அரை மில்லி மீட்டர் நீளமுள்ள இந்த இளம்புழு, பூச்சிப்புழுவின் வாய், மலத்துவாரம், மூச்சுத் துளைகள் வழியே உட்புகும். தன் குடலிலுள்ள பாக்டீரியாக்களை அங்கே வெளியிடும். ஓரிரு நாளில் பூச்சிப்புழு மடியும். அவ்வுடலிலேயே நூற்புழு பெருகிப் பல்லாயிரமாக வெளிவரும்.

எங்கே தேடுவது?

மணற்பாங்கான நிலத்தில் இது எளிதில் ஊர்ந்து செல்லும். ஹவாய்த் தீவுகளில் நடந்த தேடலில் கடலோர மண்ணில் இவ்வகைப் புழுக்கள் கிடைத்தன. எனவே எண்ணூருக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர் ஒன்றியத்துத் தோட்டங்களிலும், ஆலைகள் சூழ்ந்த திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் எஞ்சியுள்ள கொல்லைகளிலும் தேடிப் பார்க்கலாம். சாம்பலும் எண்ணெயும் படிந்த இடங்களையும், உப்புப் பூத்த நிலத்தையும் விலக்குக.

பரிசோதனை முறை

ஆஸ்திரேலியாவில் பெடிங், ஆக்ஹர்ஸ்ட் என்போர் 1975-ல் வெளியிட்ட இரைப்புழு முறை எளியது.

1. நிழலும் ஈரமும் உள்ள ஐந்து இடங்களில், 15 சென்டி மீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலக்குக.

2. அதில் கால் கிலோவை மூடியுள்ள டப்பாவில் இட்டு, ஈரம் குறைவாயின் சிறிது நீர் தெளிக்கவும். சேறாகலாகாது.

3. பழைய தேனடையில் காணப்படும் மெழுகுப் பூச்சியின் புழுக்கள் ஐந்தினை உள்ளே விட்டு, மூடி, டப்பாவைத் தலைகீழாக நிழலில் வைக்கவும்.

4. ஒரு வாரம் வரை தினமும் பார்த்து, இறந்த புழுக்களை எடுத்துக் கழுவுக.

இனங்காணல்

செங்கல் நிறமாகச் சிவந்து, நாற்றமின்றி இருப்பின் ஹெட்டரோராப்டிடிஸ் எனக் கருதலாம். வெளிர் பழுப்பாயின் ஸ்டெய்னர்னிமா வகையாகலாம். கறுத்து அழுகி நாறினால் வேறு காரணம். வெள்ளை அல்லது பச்சைப் பொடி பூத்தால் பூஞ்சணம்.

நிறம் மட்டும் போதிய சான்றன்று. ஒரு தட்டில் சிறிது நீர் விட்டு, நடுவே கவிழ்த்த மூடிமேல் ஈரத்தாளை அதன் ஓரம் நீரைத் தொடுமாறு விரித்து, இறந்த புழுவை அதன்மீது வைக்கவும். இரண்டு வாரத்திற்குள் நூற்புழுக்கள் நீரில் இறங்கி நெளிவதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் காணலாம். அந்நீரை நல்ல புழுக்கள்மீது தெளித்து, அவையும் அவ்வாறே மடிந்தால்தான் ஐயம் தீரும்.

இனப்பெயரை உறுதி செய்ய நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் வேண்டும். அதற்கு வழிகாட்டுமாறு திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஊராட்சி மன்றங்கள் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இப்பரிசோதனையை நடத்துமாயின், எந்த வயலில் இந்நண்பன் வாழ்கிறான் என்பது ஊராருக்குத் தெரியும். அவ்வயலில் மண்ணுக்கு மருந்திடுமுன் ஒருமுறை சிந்திக்கவும் வழி பிறக்கும்.