அம்புக்குறி போடும் முன்

கண்ணு, ஷெல்லில் > என்ற குறியை நீ கற்றுக்கொள்ள அரை நிமிடம் போதும். அதனிடம் பணிவாக நடந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

1. அவசரப்படாதே, உன்னைவிட ஷெல்லுக்கு அவசரம் அதிகம். ஒருமுறை சம்பளப் பட்டியலை அகரவரிசைப்படுத்த 'சார்ட் பட்டியல் > பட்டியல்' என்று அடித்தேன். அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருக்கும் கோப்பை ஷெல் முதலில் திறந்து காலியாக்கும். பிறகுதான் கட்டளையைக் கிளப்பும். சார்ட் வந்து பார்த்தபோது சிலேட்டு துடைத்துக் கிடந்தது. 0 பைட். ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. அன்றிலிருந்து வேறு பெயரில் எழுதி, திறந்து பார்த்து, அப்புறம்தான் பெயர் மாற்றுகிறேன். நீயும் அப்படியே செய்.

2. >> சேர்க்கும், > அழிக்கும். விரல் ஒருமுறை தவறினால் ஒரு வருடப் பதிவு போய்விடும். 'செட் -ஓ நோக்ளாபர்' போட்டுக்கொள்; இருக்கிற கோப்பின் மேல் > எழுத மறுக்கும். தெரிந்தே அழிக்க வேண்டுமானால் >| உண்டு. ஆனால் அந்தக் காவலை நம்பி விரலைப் பழக்காமல் விடாதே. அடுத்தவர் சர்வரில் அது இருக்காது.

3. வரிசை முக்கியம். ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. '> பதிவு 2>&1' என்றால் வெளியீடும் (1) பிழையும் (2) பதிவுக்குள் போகும். நான் '2>&1 > பதிவு' என்று மாற்றி எழுதி, இரவு பேக்கப்பை, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் விட்டேன். 2>&1 என்பது '1 இந்த நொடியில் எங்கே போகிறதோ, அங்கே 2-உம் போகட்டும்' என்பதுதான். பிறகு 1 இடம் மாறினாலும் 2 பின்தொடராது. கிரான் அஞ்சலாக அனுப்பிய என் பிழைகளெல்லாம் யாரும் திறக்காத அஞ்சல்பெட்டியில் குவிந்தன. பதிவு சுத்தமாக இருக்கிறதே என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

4. பிழைச்செய்தி தொல்லை தருகிறது என்று அதை, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் தள்ளாதே. முதலில் படி.

5. தெரியாததைக் கேள். சூடோ போட்டு > வழியாக எழுதியும் 'அனுமதி இல்லை' என்று வந்ததால், நிர்வாகியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். சூடோ கட்டளைக்குத்தான் அதிகாரம் தரும். அம்புக்குறிக்குக் கோப்பைத் திறப்பது என் சாதாரண ஷெல். மனிதர் கோபிக்கவில்லை. "டீ" என்றார். குழாய்க்காரர்கள் பொருத்தும் டீ மாதிரி, ஒரே ஓட்டத்தைத் திரைக்கும் கோப்புக்குமாகப் பிரிக்கும் கட்டளை அது. சூடோவோடு சேர்த்தால் கோப்பைத் திறப்பதும் அதுவே. எனக்கென்ன தெரியும்? எழுந்து கடைக்குப் போய் இரண்டு கிளாஸ் வாங்கி வந்தேன்.